இடது கல் மட்டும்

கண்ணாடிவில்லையில் கிடந்தது மீனின் வலது காதுக்கல். செண்பகவல்லி நுண்ணோக்கியிலிருந்து தலையை நிமிர்த்தி, கண்ணைக் கசக்கிவிட்டு, மறுபடியும் குனிந்து பார்த்தாள். வலது கல்தான். பள்ளம் மேலே தெரிகிற மாதிரி வைத்தால் கல்லின் மூக்கு ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். இடது கல் என்றால் ஒரு பக்கம், வலது என்றால் மறுபக்கம், இரண்டு கைக் கட்டைவிரல் மாதிரி. தப்பாகப் புரட்டி வைத்துவிட்டோமோ என்று இடுக்கியால் திருப்பினாள். பள்ளம் மறைந்து வழவழப்பான முதுகு வந்தது. திரும்பவும் புரட்டினாள். மூக்கு அதே பக்கம். மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாதம் இன்னும் நெஞ்சிலேயே நின்றது. சனிக்கிழமை, விலங்கியல் துறையில் ஆளில்லை, தாழ்வாரத்தில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது, கொஞ்சநேரத்தில் அதுவும் நின்றுபோனது. வலது கல் இங்கே எப்படி வரும், வலதை நாம் வைத்துக்கொள்வதே இல்லையே, எடுத்ததும் தூரப் போட்டுவிடுவோமே. கை தவறியிருக்கும். யாருக்கும் தவறும். அவருக்கும் தவறியிருக்கும். அவர் என்றால் கோமதிநாயகம், அவள் புருஷன், இதே கல்லூரியில் மேல்மாடியில் இருக்கிற பேராசிரியர், இந்தக் கல் இருந்த குப்பியை இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் தன் கையால் மூடி வைத்தவர்.

மீனுக்கு வெளியே காது கிடையாது. மண்டைக்குள்ளே, மூளைக்குக் கீழே, பக்கத்துக்கு ஒன்றாகக் கல் இருக்கிறது, நொய்யரிசி மாதிரி, வெள்ளையாக. மீன் வளர வளர அதுவும் வளரும். சதை அழுகிப்போகும், முள் நொறுங்கிப்போகும், கல் கிடக்கும். நீர்நாய் தின்று கழித்த எச்சத்தில்கூட அப்படியே கிடக்கும், அதை எடுத்து அளந்தால் தின்னப்பட்ட மீன் எவ்வளவு நீளம், எவ்வளவு எடை என்று சொல்லிவிடலாம். அதற்கு ஒரு கணக்கு வேண்டும், கல் இவ்வளவு என்றால் உடம்பு இவ்வளவு என்று. மணிமுத்தாறு அணை ஜிலேபி மீனுக்கு அந்தக் கணக்கைப் போட்டவர்கள் அவளும் அவரும்தான். இரண்டு பேர் பெயரும் சேர்ந்து அச்சான ஒரே கட்டுரை. இன்றைக்கும் யாராவது அதை மேற்கோள் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கேரளத்தில் நீர்நாயைப் பற்றி ஆராய்கிற ஒரு பெண், உங்கள் கற்கள் பத்திரமாக இருக்குமானால் ஓரத்து வடிவம் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று மின்னஞ்சலில் கேட்டிருந்தாள். அதற்காகத்தான் அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெட்டிகளை இறக்கினாள். பாதிக் குப்பிகள் அவள் எடுத்தவை, பாதி அவர் எடுத்தவை. அளப்பது இடது கல்லை மட்டும், வைத்துக்கொள்வதும் இடது கல்லை மட்டும் என்று ஆரம்பத்திலேயே இருவரும் பேசி முடிவெடுத்திருந்தார்கள், இரண்டையும் வைத்தால் கலந்துபோகும் என்று சொன்னதுகூட அவர்தான், ஆமாம் அவர்தான், அணைக்கட்டுச் சுவரில் உட்கார்ந்துகொண்டு ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டே சொன்னார்.

அவளுடைய குப்பிகளில் எல்லாம் இடது கல். அவருடையதில் முதல் வரிசையும் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் இந்த வலது கல். சரி, ஒன்று. அடுத்ததைத் திறந்தாள், இடது. அதற்கடுத்தது வலது. கை தவறுவது என்றால் எத்தனை தரம் தவறும். பேசாமல் மூடி வைத்துவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, இடது கற்களை மட்டும் படம் எடுத்து அனுப்பினால் அந்தப் பெண்ணுக்குப் போதும், யார் வந்து பெட்டியைத் திறந்து பார்க்கப்போகிறார்கள். ஆனால் விரல்கள் அதற்குள் அடுத்த மூடியைத் திருகியிருந்தன. அந்தக் கல்லின் ஓரத்தில், மூக்குக்குக் கொஞ்சம் கீழே, எறும்பு கடித்த மாதிரி ஒரு சின்ன வெட்டு இருந்தது. இந்த வெட்டை இப்போதுதானே பார்த்தோம் என்று தோன்றியது. இரண்டு குப்பிக்கு முந்திய கல்லை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். அதே இடத்தில் அதே வெட்டு, எதிர்ப்பக்கமாக. நிலைக்கண்ணாடியில் முகம் பார்த்த மாதிரி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடந்தன. ஒரே மீனின் இரண்டு கற்கள். ஆனால் குப்பி வேறு, எண் வேறு, கட்டுரையில் ஒன்று கொஞ்சம் சின்ன மீன், மற்றது கொஞ்சம் பெரிய மீன். அதற்குப் பிறகு அவள் நிதானமாக, இரண்டிரண்டாக எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். ஜோடி சேராமல் ஒரு கல்லாவது மிஞ்சாதா என்று இருந்தது. ஒன்றும் மிஞ்சவில்லை. முதல் வரிசைக்குப் பிறகு ஒவ்வொரு மீனையும் இரண்டாக்கியிருக்கிறார். பாதி மீன் தண்ணீரில் நீந்தியதே இல்லை.

அணை அப்போது நிரம்பிக் கிடந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. காலையில் கல்லிடைக்குறிச்சி வழியாகப் போகிற பஸ்ஸில் இருவரும் ஏறுவார்கள், அவர் மடியில் ஐஸ்பெட்டி, அவள் மடியில் சாப்பாட்டுக்கூடை. பரிசல்காரர்கள் வலையை உதறும்போது செதில் பறந்து வந்து புடவையில் ஒட்டும், காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டினாலும் போகாது. கரையிலேயே பலகையை வைத்து மீனை நீட்டி அவள் நீளம் சொல்லுவாள், அவர் எழுதுவார். ஒருவர் மீன்தலையைக் கீறிக் கல்லை எடுப்பார், மற்றவர் கழுவுவார். மேற்கே மலை. மழை வருவதற்கு முன்னால் தண்ணீர் பச்சையாகி, அப்புறம் கறுக்கும். உண்டானது தெரிந்த பிறகும் அவள் போய்க்கொண்டுதான் இருந்தாள். மீன்வாடை குமட்டும், அவர் துண்டில் எலுமிச்சங்காயைக் கசக்கி மூக்கில் வைத்துவிடுவார், பரிசல்காரர்கள் பார்க்கிறார்களே என்று அவளுக்கு வெட்கமாக இருக்கும். ஏழாம் மாதம் தொடங்கியதும் அவர்தான் இனி வராதே, மிச்சத்தை நான் பார்த்துக்கிடுதேன் என்றார். எட்டாம் மாதத்தில் ஒரு நாள் முழுக்க வயிற்றில் அசைவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மயக்கத்தில் யாரோ குடம் கழுவுகிற மாதிரி சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, தெளிந்தபோது வயிறு இறங்கியிருந்தது. பெண்பிள்ளை என்றார்கள். எங்கே என்றாள். கொண்டுபோயாச்சு என்றார்கள். யார் கொண்டுபோனார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று அவள் கேட்டபோது, அண்ணன்தான் கொண்டுபோனான், எனக்குத் தெரியாது, கேக்காத வல்லி, என்று அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்த அண்ணனும் அடுத்த சித்திரையில் போய்ச் சேர்ந்தார். அதோடு கேட்பதற்கு ஆளில்லாமல் போயிற்று.

அதற்கப்புறம் வந்த மாதங்களில்தான் இந்தக் குப்பிகள். அவள் பால் கட்டிய மார்போடு கட்டிலில் கிடந்தாள். அவர் வாரம் தவறாமல் அணைக்குப் போனார். போகாவிட்டால் எடுத்த மீனெல்லாம் வீண், வருஷம் வீண் என்றார், அவளும் போய் வாருங்கள் என்றாள். எழுந்து இட்லி அவித்துக் கட்டிக்கொடுப்பாள். இந்த மனுஷனும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்தானே, வெயிலில் தனியாக நின்று மீன் தலையை அறுத்துக்கொண்டு கிடக்கிறாரே என்று நினைத்து நினைத்து அவருக்காக அழுதிருக்கிறாள். சாயங்காலம் அவர் வந்து கழற்றிப் போடுகிற சட்டையில் மீன்வாடை இருக்கும். அதை முக்கித் துவைக்கும்போது அணைத்தண்ணீர் வாசம் என்று முகர்ந்து பார்ப்பாள். வலை நிறைய மீன் கிடக்கிற அணைக்குப் போனவர் ஒரு மீனை ஏன் இரண்டாக்க வேண்டும். எந்த அணை. எந்தத் தண்ணீர். அவர் சொன்ன கதைகள் வேறு. இன்றைக்குத் தண்ணீர் இவ்வளவு ஏறியிருக்கிறது, இன்றைக்குக் காற்று, பரிசல் நிற்கவில்லை. ஒரு தரம் வலையில் நீர்க்காகம் ஒன்று சிக்கிக்கொண்டதாம், பரிசல்காரர் அதை விடுவிக்கப் போக, அது அவர் மூக்கைக் கவ்விக்கொண்டதாம், அவர் அதனிடம், விடுடா விடுடா, நீ பெரிய ஆளுதான், என்று கெஞ்சினாராம். கோமதிநாயகம் தன் மூக்கைத் தானே பிடித்துக்கொண்டு அந்தப் பரிசல்காரர் மாதிரி பேசிக் காட்டினார். அவள் சிரித்துவிட்டாள். பிள்ளை போனதற்கப்புறம் முதல் சிரிப்பு அது. சிரித்துவிட்டோமே என்று உடனே அழுகையும் வந்தது, அவர் தலையைத் தடவிக்கொடுத்தார். அந்த நீர்க்காகத்தை அவள் எத்தனை வருஷம் வைத்திருந்தாள். மனசு கெட்டுக் கிடக்கிற நாட்களில் எடுத்துப் பார்த்துக்கொள்வாள், கறுப்பாக, நனைந்த இறகோடு, பச்சைக் கண்ணோடு. அப்படி ஒரு பறவையே இல்லை. வீட்டுக்கு வருகிற வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்திருப்பார், இன்றைக்கு என்ன சொல்லலாம் என்று.

கல்லைவிட அந்தக் காகம்தான் அவளுக்குத் தாங்க முடியவில்லை என்பது அவளுக்கே விசித்திரமாக இருந்தது. கல் பெரிய விஷயம், கட்டுரை பெரிய விஷயம், இரண்டு பேருக்கும் வேலை கிடைத்ததே அதை வைத்துத்தான், வெளியே தெரிந்தால் இந்த வயசில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். வரைபடத்தில் புள்ளிகளை வைத்த அன்றைக்கு அவள் கைதட்டியிருக்கிறாள். கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராகப் போயிற்று கோடு. அவளுடைய மீன்கள் கோட்டுக்கு மேலும் கீழும் சிதறிக் கிடந்தன, உயிருள்ளது அப்படித்தான் கிடக்கும், ஒன்று தின்று கொழுத்திருக்கும், ஒன்று பட்டினி கிடந்திருக்கும். அவருடைய மீன்கள்தான் கோட்டை ஒட்டி வரிசையாக நின்றன. உங்க கைதான் சுத்தம், எனக்கு அளக்கத் தெரியலை என்று அவள் அவரிடம் சொன்னாள். சொன்னபோது அவர் என்ன செய்தார். முகம் எப்படி இருந்தது. ஞாபகம் இல்லை. தண்ணீர் குடிக்க எழுந்து போனாரோ. இல்லாத மீனுக்கு நீளம் எழுத வேண்டுமென்றால் கோட்டைப் பார்த்துத்தானே எழுத முடியும். சரி, மீன் இல்லை, அணைக்குப் போகவில்லை. அப்படியானால் காலையில் இட்லிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எங்கே போனார். அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு வண்டிமாடு மாதிரி காலை ஊன்றிக்கொண்டு நின்றது. யாராவது பெண்ணா. இருக்குமா. அவள் கிடந்த கிடப்பில் இருந்தாலும் ஆச்சரியமில்லை, ஆனால் அவர் முகத்தில் அப்படி எதுவும் இருந்ததில்லையே. முகத்தில் என்ன இருந்தது என்று உனக்கு என்ன தெரியும், பொய்யான காகத்தைப் பார்த்துச் சிரித்தவள்தானே நீ. சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாரோ. ஆற்றங்கரை மண்டபத்தில் படுத்துத் தூங்கினாரோ. வீட்டில் என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல் எங்கேயாவது, எங்கேயாவது. அப்புறம் பிறந்த பையனும் வளர்ந்து பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டான், வீடு கட்டியாயிற்று, மாடியில் துளசியும் கறிவேப்பிலையும் நிற்கின்றன, இத்தனை வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் இந்த மனுஷன் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள், அவர் குறட்டையின் ஏற்ற இறக்கம்கூட அவளுக்கு மனப்பாடம். தெரியும் என்று நினைத்ததில் எவ்வளவு தெரியும், எவ்வளவு அவர் எழுதி வைத்தது. வெட்டு விழுந்த அந்த இரண்டு கற்களையும் ஒரே வில்லையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று புரண்டது. மறுபடி சரியாக்கி வைத்தாள்.

கிளம்பலாமா என்று கேட்டுக்கொண்டே கோமதிநாயகம் வந்து வாசலில் நின்றார். கையில் ஹெல்மெட், தோளில் பை, சனிக்கிழமைகளில் வழக்கமாக இந்த நேரத்துக்குத்தான் மாடியிலிருந்து இறங்கி வருவார். அவள் நாற்காலியை விட்டு எழுந்து ஒதுங்கி நின்று, இதைக் கொஞ்சம் பாருங்க என்றாள். என்ன கேரளாக்காரிக்கா என்றபடி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. பார்ப்பதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை, அந்தக் கற்களை அவரைவிட யாருக்குத் தெரியும். நரைத்த பின்னங்கழுத்தில் வியர்வை பூத்ததை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். மறுப்பார் என்றுதான் எதிர்பார்த்தாள், மறுத்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்றும் வைத்திருந்தாள்.

"ஒரே மீனு," என்றாள்.

"ஆமா," என்றார் அவர், கண்ணை எடுக்காமலே.

"அணைக்குப் போனீயளா, போகலியா?"

முதலில் கொஞ்சம் போனேன், பிறகு போகவில்லை என்று சொன்னார். மீனை டவுன் மார்க்கெட்டில் வாங்கினாராம், வாங்க முடிந்தது பாதிதானாம், மிச்சத்தை என்ன செய்வதென்று தெரியாமல்தான் கல்லைப் பிரித்தாராம். பத்து நாளில் சரியாகிவிடும், அப்புறம் நிஜமாகவே போய் எடுத்துவிடலாம் என்று நினைத்தாராம், போக முடியவில்லையாம். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி தரையைப் பார்த்துச் சொன்னார். அவளுக்கு அதெல்லாம் காதில் விழுந்தும் விழாமலும் இருந்தது.

"எங்க போனீய?"

அவர் மடியிலிருந்த ஹெல்மெட்டைத் திருப்பி வைத்தார்.

"எங்க போனீயன்னு கேக்கேன்."

"பிள்ளைட்ட," என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை, எந்தப் பிள்ளை, யார் பிள்ளை என்றுதான் மனசு ஓடியது. அவர் மெதுவாகச் சொன்னார். கொண்டுபோனது அண்ணன் இல்லை. அண்ணன் வாசலோடு நின்றுவிட்டான், இவர்தான் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாடகைக் காரில் போனார். மதுரை ரோட்டில் தாழையூத்து தாண்டி ஒரு குளம், கரையில் உடைமரங்கள், அங்கே. அடுத்த மாதம் அணைக்குப் போவதற்காக பஸ் ஸ்டாண்டில் போய் நின்றவர், என்னவோ மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டார். அதற்கப்புறம் அதுவே ஆகிப்போயிற்று. போய் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார், அவள் கட்டிக்கொடுத்ததை அங்கேயே வைத்துச் சாப்பிடுவார், வெயில் தாழ்ந்ததும் மார்க்கெட்டுக்கு வருவார். உங்கிட்டச் சொன்னா நீயும் வாரேன்னு சொல்லுவ, வந்தா அங்கனயே விழுந்து கெடப்ப, உன்ன எழுப்பிக் கூட்டிட்டு வர எனக்குத் தெம்பில்ல வல்லி, என்றார். நீ கொஞ்சம் தேறினப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். தேறினப்புறம் எதுக்குக் கிளறணும்னு விட்டுட்டேன்.

வேறொரு பெண்ணிடம் போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று அவள் நினைத்தாள். எவளோ ஒருத்தி என்றால் காறித் துப்பிவிட்டுப் போயிருக்கலாம். இதில் யாரைத் துப்ப. அவள் கட்டிலில் கிடந்து சுவரிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது, மண்ணா நெருப்பா, தெற்கா வடக்கா, பன்றி தோண்டியிருக்குமா, மழை நனைத்திருக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அவள் அவித்த இட்லியை அவள் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தின்றுவிட்டு வந்து நீர்க்காகத்தின் கதையைச் சொல்லியிருக்கிறார். அழுவதற்கு ஒரு இடம் இருந்திருக்கிறது, அதை முழுசாகத் தனக்கே வைத்துக்கொண்டிருக்கிறார்.

"முகம் பாத்தீயளா?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சொல்வதற்கு வாயைத் திறந்தார். அவள் கையை நீட்டித் தடுத்தாள். வேண்டாம், இம்புட்டு வருசம் வச்சிருந்தீயல்ல, நீங்களே வச்சுக்கிடுங்க, என்றாள். மின்விசிறிக் காற்றில் காலிக்குப்பி ஒன்று மேசையில் உருண்டு அவள் விரலில் வந்து முட்டி நின்றது.

"என்ன அங்க கூட்டிட்டுப் போங்க. இப்பமே."

"அங்க இப்பம் ஒண்ணும் கெடையாது," என்றார் அவர். "நாலுவழிச்சால போட்டதுல கொளத்தங்கர போயிட்டு. மரத்தையும் எடுத்துட்டாங்க. நான் போய்ப் பாக்கும்போது ரோலர் ஓடிக்கிட்டு இருந்துச்சு."

கோவில்பட்டியில் அவளுடைய அக்கா வீடு. பொங்கலுக்கு, கோயில் கொடைக்கு, அக்கா மகள் கல்யாணத்துக்கு, பேரன் காதுகுத்துக்கு, எத்தனை தடவை அந்தச் சாலையில் போய் வந்திருக்கிறார்கள். முதலில் ஸ்கூட்டரில், அப்புறம் காரில். என்ன அருமையா ரோடு போட்டிருக்கான், கண்ணை மூடித் திறக்குமுன்ன வந்துட்டோம் என்று அவளே சொல்லியிருக்கிறாள். திரும்பும்போது கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து, ஓட்டிக்கொண்டிருக்கிறவர் வாயில் ஒரு துண்டு வைத்துவிட்டு, தானும் ஒன்றைக் கடித்துக்கொண்டு.

"அது மேலதான் போயிட்டு வந்தோமா?"

"ஆமா."

அவள் மேசைக்குப் போய்க் கணினியைத் திறந்து, கேரளத்துப் பெண்ணுக்கும் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கும் எழுதினாள். அந்த அளவுகளில் ஒரு பங்கு பொய், அந்த மீன்களில் பாதி இல்லாதவை, மிச்சம் அணையில் பிடித்தவை அல்ல, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று. சின்னதாகத்தான் எழுதினாள். பின்னால் வந்து நின்று வாசித்தவர், என் பேர மட்டும் போடு, உனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுல்லா என்றார். அவர் சொல்வது நிஜம். ஆனாலும் இரண்டு பேர் பெயரையும் போட்டாள், கட்டுரையில் எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில். அனுப்பினாள். கற்களை எடுத்து ஜோடிக்கு ஒரு குப்பியாகப் போட்டு மூடினாள். அவர் உதவிக்குக் கை நீட்டியபோது குப்பிப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அவர் வண்டிச்சாவியைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார்.

நீங்க வீட்டுக்குப் போங்க, நான் மதுரை பஸ்ல தாழையூத்து வர போயிட்டு வாரேன் என்றாள்.

"தனியாவா?" என்றார் அவர். "எடம் தெரியாதே உனக்கு. ரோட்டுல எங்கனன்னு நிப்ப? நானும் வாரேன், வல்லி."

"நீங்க தனியாத்தான போனீய," என்றாள் செண்பகவல்லி.